பட்டிமண்டபத்தின் வாயில்: வாதப் போட்டிகளில் தகுதி விதியும் நடத்தை விதியும்

வாதப் போட்டி ஒன்றை நடத்த முற்படுவோர், தலைப்பையும் பரிசையும் முடிவு செய்வதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்தாக வேண்டும். மேடை ஏறுவதற்கு உரியவர் யார் என்பது ஒன்று; ஏறியவர் எவ்வாறு பேச வேண்டும், எதைச் செய்தால் தோற்றவராகக் கொள்ளப்படுவார் என்பது மற்றொன்று. முன்னதைத் தகுதி விதி என்றும் பின்னதை நடத்தை விதி என்றும் அழைக்கலாம். இன்றைய கல்லூரிப் போட்டிகளின் கையேடுகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகி வருவதால் ஒரே வயதுடையவை போலத் தோன்றுகின்றன; ஆனால் இவற்றின் வரலாறு வேறு வேறு. நடத்தை விதிகள் மிகப் பழங்காலத்திலேயே முழு வடிவம் பெற்று, பெயர் மாறினாலும் பொருள் மாறாமல் நீடித்து வர, தகுதி விதிகளை மட்டும் ஒவ்வொரு காலமும் தனக்கேற்பத் திருத்தி எழுதிக்கொண்டது. கேரளத்தின் கோயில் மண்டபங்களையும் தமிழகத்தின் கல்லூரி அரங்குகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு நன்கு புலப்படும்.

தமிழில் வாத மேடைக்கான விதி மிகச் சுருக்கமாக, ஆனால் இரு பகுதிகளும் அமைய, மணிமேகலையின் முதற் காதையிலேயே காணப்படுகிறது. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடைபெறும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், தம் தம் சமயப் பொருளை நாட்ட விரும்பும் வாதிகள் பட்டிமண்டபத்தின் முறைமையை அறிந்த பின்னரே அதில் ஏற வேண்டும் என்றும், பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்ல வேண்டும் என்றும் கூறுகிறான். இங்கு குலமோ ஊரோ சமயமோ ஏறுவோருக்குரிய தகுதியாகச் சொல்லப்படவில்லை. முறைமை அறிந்திருப்பதே தகுதி. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் நகர வீதிகளில் பறந்த கொடிகளை வருணிக்கும்போது, வாதுக்கு அழைக்கும் பொருட்டுக் கல்வியாளர் உயர்த்திய கொடிகள் இருந்ததைப் பட்டினப்பாலை தனித்துச் சொல்வதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். கள்ளுக்கடையின் கொடி பறந்த அதே ஊரில் வாதியின் கொடியும் பறந்தது.

வாதத்தின் உள்ளே நிகழ்வதற்கான விதிகளை மிக விரிவாக வகுத்தவர்கள் நியாய நூலார். பொது ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்ததும் கௌதமர் பெயரால் வழங்குவதுமான நியாய சூத்திரம், உரையாடலை மூன்றாகப் பகுக்கிறது. உண்மையை அறியும் நோக்குடன் இருவர் ஆராய்வது வாதம். வெல்வதையே நோக்கமாகக் கொண்டு, வேண்டுமானால் சொற்புரட்டையும் கையாண்டு மோதுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையை நாட்டாமல் எதிரி சொல்வதை மறுப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. கடைசிச் சொல் தர்க்க நூலிலிருந்து இறங்கி வந்து, திண்ணைப் பேச்சில் விதண்டாவாதம் என்ற வசையாகவே நிலைத்துவிட்டது. தர்க்கம் படிக்காத பாட்டிமாரும் அதைப் பிழையின்றிப் பயன்படுத்துவதைப் பார்த்தால், இத்துறையின் கலைச்சொற்களில் மக்களிடம் மிக வெற்றிகரமாகச் சென்று சேர்ந்தது இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே நூலின் ஐந்தாம் இயல் இருபத்திரண்டு நிக்கிரகத்தானங்களை எண்ணுகிறது. தமிழ்ச் சைவ நூலுரைகள் இவற்றைத் தோல்வித்தானம் என்று மொழிபெயர்த்து வழங்கும். ஒருவர் எந்த நிலையை அடைந்தால் வாதம் முடிந்தது என்று நடுவர் அறிவிக்கலாமோ அந்த நிலை என்பது பொருள். தான் நாட்டிய கொள்கையைத் தானே கைவிடுவது, எதிர்க் கேள்வி வந்ததும் காரணத்தை மாற்றிக்கொள்வது, தலைப்புக்குத் தொடர்பில்லாததைப் பேசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது ஆகியவை எளிதில் ஊகிக்கத்தக்கவை. இவற்றைவிட நுட்பமானவையும் உள்ளன. ஒருவர் மூன்று முறை எடுத்துச் சொல்லியும் அவையும் எதிரியும் பொருள் விளங்கிக்கொள்ள முடியாவிட்டால் சொன்னவரே தோற்றார். அவைக்கு விளங்கிய ஒன்றை மூன்று முறை கேட்ட பின்னும் எதிரி திருப்பிச் சொல்ல இயலாமல் நின்றால் அவர் தோற்றார். எதிரி தவறு செய்தும் அதைச் சுட்டாமல் விடுவதும் தோல்வி. தவறில்லாத இடத்தில் தவறு இருப்பதாகச் சாட்டுவதும் தோல்வி. அவசர வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லி நடுவில் எழுந்து போவதற்கு விக்ஷேபம் என்ற தனிப் பெயரே உண்டு. இவ்வளவு துல்லியமான பட்டியல் வெறும் சிந்தனையிலிருந்து பிறந்திருக்க முடியாது. அவைகளில் நடந்த பல சண்டைகளையும் சமாளிப்புகளையும் நேரில் கண்டவர்களே இதைத் தொகுத்திருக்க முடியும்.

அவையைப் பற்றிய எச்சரிக்கையும் இந்த மரபின் பகுதியே. மருத்துவ நூலான சரக சம்ஹிதை, மருத்துவர்கள் தம்முள் நடத்தும் உரையாடலை நட்பு முறையிலானது, மோதல் முறையிலானது என இரண்டாகப் பிரித்து, எதிரி தனக்கு மேலானவரா, ஒத்தவரா, கீழானவரா என்பதையும், கூடியிருக்கும் அவை சார்பானதா, நடுநிலையானதா, பகையானதா என்பதையும் அளந்த பின்னரே வாய் திறக்க வேண்டும் என்கிறது. திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்திருப்பதும், யாப்பு நூலார் அவையை நல்லவை, தீயவை, குறையவை, நிறையவை என நான்காகப் பகுத்ததும், புலவர்களைக் கவி, கமகன், வாதி, வாக்கி என வகைப்படுத்தி, காரணமும் மேற்கோளும் காட்டித் தன் கோளை நாட்டிப் பிறர் கோளை மறுப்பவனை வாதி என்று வரையறுத்ததும் இதே கவலையிலிருந்து எழுந்தவை.

தகுதி விதி மிகத் தளர்வாக இருந்த காலத்தின் சின்னமாக நாவல் கிளை நிற்கிறது. வாதுக்கு வருபவர் ஊர் வாயிலில் மணல் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவைப்பார். அதைப் பிடுங்கியோ மிதித்தோ வீழ்த்துபவர் வாதத்தை ஏற்றுக்கொண்டவர் ஆவார். அழைப்பிதழும் விண்ணப்பப் படிவமும் அந்தக் கிளை ஒன்றே. பௌத்த மரபுக் கதையில் இவ்வாறு நாவல் நட்டு ஊர் ஊராகச் சென்றவள் குண்டலகேசி என்ற பெண். அவளது கிளையை வீழ்த்தச் செய்து வாதிட்டு வென்றவர் புத்தரின் மாணவரான சாரிபுத்தர். அவள் பெயரால் தமிழில் எழுந்த காப்பியத்துக்கு மறுப்பாகச் சமணர் படைத்த நீலகேசியிலும் வாதம் செய்பவள் பெண்ணே. இக்கதைகள் நடந்தவையா என்பது வேறு கேள்வி. பெண் வாதி என்ற உருவம் கேட்போருக்கு நம்பத்தகாததாக இருக்கவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது.

கேரளத்தில் இந்த மரபு கோயிலுக்குள் நுழைந்து அரச ஆதரவைப் பெற்றபோது, நடத்தை விதிகள் அப்படியே இருக்க, வாயில் மிகவும் குறுகியது. கோழிக்கோட்டின் அரசரான சாமூதிரி, தளி சிவன் கோயிலில் ஆண்டுதோறும் துலாம் மாதத்து ரேவதி நாளில் தொடங்கித் திருவாதிரை வரை ஏழு நாள் நடத்திய அறிஞர் கூட்டம் ரேவதி பட்டத்தானம் எனப்பட்டது. பட்டர்களுக்குத் தரும் தானம் என்பதே பட்டத்தானம். தர்க்கம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய துறைகளில் வாதிட்டு வென்றவர்களுக்குப் பட்டர் என்ற பட்டமும் பணக் கிழியும் வழங்கப்பட்டன. கிழி என்பது துணியில் முடிந்த பொற்காசு முடிச்சு. மதுரைச் சங்கத்தின் பொற்கிழிக் கதையை அறிந்த தமிழ் வாசகருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வாயிலுக்குள் நுழைய முதல் தகுதி பிராமண ஆணாக இருப்பது. கல்வி அதற்கு அடுத்த நிலையிலேயே கேட்கப்பட்டது.

பதினைந்தாம் நூற்றாண்டில் மானவிக்ரம சாமூதிரியின் அவையைப் பதினெட்டரைக் கவிகள் அணிசெய்ததாக மரபு சொல்கிறது. அந்த அரைக் கவி, உடலாலோ அறிவாலோ குறைந்தவர் அல்லர். புனம் நம்பூதிரி என்ற அவர் சமஸ்கிருதத்தில் அல்லாமல் மணிப்பிரவாளமாகிய நாட்டு மொழியில் கவி செய்ததால் அரை என்று எண்ணப்பட்டார் என்பதே வழங்கிவரும் விளக்கம். பிறப்பும் பாலும் வாயிலில் நின்று தடுத்தன என்றால், மொழி உள்ளே வந்தவரையும் பாதியாக அளந்தது.

இந்த அவையில் நெடுங்காலம் வெல்ல முடியாதவராக விளங்கியவர் பாலாற்றங்கரையில் தொண்டைமண்டலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற உத்தண்ட சாஸ்திரி. கோகிலசந்தேசம் என்ற தூது நூலையும் மல்லிகாமாருதம் என்ற நாடகத்தையும் இயற்றியவர். வெளியூர்க்காரர் ஒருவர் எல்லாக் கிழிகளையும் வாரிச் செல்வதைப் பொறாத நம்பூதிரிகளின் வேண்டுதலால் பிறந்தவராகச் சொல்லப்படும் காக்கசேரி பட்டதிரி அவரை எதிர்கொண்ட கதைகள் கேரளத்தில் இன்றும் சொல்லப்படுகின்றன. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிஹ்யமாலை அவற்றை அச்சில் நிலைநிறுத்தியது. வரலாற்றுச் சான்றாக இவற்றைக் கொள்ள இயலாது. ஆனால் போட்டி விதிகளைப் பற்றி அந்தச் சமூகம் எவ்வாறு சிந்தித்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது, ஏனெனில் ஒவ்வொரு கதையும் ஒரு விதிச் சிக்கலையே மையமாகக் கொண்டிருக்கிறது.

முதற் கதை வயதைப் பற்றியது. அவைக்குள் நுழைந்த சிறுவனைப் பார்த்து உத்தண்டர், ஆகாரம் குறுகியது என்று சமஸ்கிருதத்தில் எள்ளுகிறார். ஆகாரம் என்றால் உருவம். சிறுவன் உடனே, குறுகியது அகாரம், ஆகாரம் நெடியது என்று விடை சொல்கிறான். ஆ என்ற நெடிலுக்கும் அதே பெயர் என்பதால், எதிரியின் கேலி இலக்கணப் பிழையாக மாறிவிடுகிறது. இரண்டாம் கதையில் உத்தண்டர் தம் சார்பில் வாதிடக் கிளி ஒன்றைக் கொண்டுவந்து வைக்க, பட்டதிரி ஒரு பூனையை எதிரில் வைக்கிறார். கிளியின் வாய் அடைத்துப்போகிறது. தனக்குப் பதிலாக வேறொருவரைப் பேச வைக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான தீர்ப்பு இருக்க முடியாது. மூன்றாவது விதண்டையைப் பற்றியது: எதைச் சொன்னாலும் மறுக்கும் உத்தண்டரிடம், உம் தாய் கற்புடையவள் என்று பட்டதிரி ஒரு வாக்கியத்தை முன்வைக்கிறார். மறுத்தால் தாய்க்கு இழுக்கு, ஏற்றால் வாதத்தில் தோல்வி. நியாய நூல் பக்கம் பக்கமாக விளக்கும் விதண்டையின் பலவீனத்தை இந்தக் கதை ஒரே வரியில் காட்டிவிடுகிறது.

கடைசிக் கதை நேரே தகுதி விதிக்குள் செல்கிறது. கிழிகளில் ஒன்று வயதில் மூத்தவருக்கு உரியது என்பதால் அதையாவது தமக்குத் தர வேண்டும் என்று உத்தண்டர் கேட்க, வயதே தகுதி என்றால் அது என் வேலையாளுக்குச் சேர வேண்டும், இங்கிருப்போரில் அவனே மூத்தவன் என்று பட்டதிரி மறுத்ததாகக் கதை. சிரிப்புக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், வேலையாள் அந்த அவையில் கிழி பெறக்கூடியவர் அல்லர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் அது சிரிப்பாயிற்று.

பாலக்காட்டு எல்லைக்கு அருகே, திருச்சூர் மாவட்டத்தின் கடவல்லூரில் நடைபெறும் அன்யோன்யம் வேறு வகையானது; ஆயினும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என்ற சொல்லுக்கு இப்பகுதியின் பழைமையில் மிக நெருங்கிய ஒப்புமை அதுவே. கொச்சி அரசரின் ஆதரவில் இருந்த திருச்சூர் பிரம்மஸ்வம் மடமும், சாமூதிரியின் ஆதரவில் இருந்த திருநாவாய் பிரம்மஸ்வம் மடமும் உண்டு உறைந்து வேதம் பயிலும் பள்ளிகள். அவற்றின் மாணவர்கள் விருச்சிக மாதம் முதல் நாள் தொடங்கி அவ்வூர் இராமர் கோயிலில் எதிரெதிரே அமர்ந்து ரிக்வேதத்தை ஓதிக் காட்டுவார்கள். இங்கு கருத்து வாதம் இல்லை. நினைவும் ஒலியும்தாம் சோதிக்கப்படுகின்றன. ஒரு தரப்பு ஓதும்போது மறு தரப்பு பிழைக்காகக் காதைத் தீட்டிக் காத்திருக்கும்.

வாரம், ஜடை, ரதம் என்று அமைந்த அதன் படிகளில் ஜடை என்பதை ஒரு தமிழ் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மழை, மலை, மேல் என மூன்று சொற்கள் இருப்பதாகக் கொண்டால், ஜடை முறையில் ஓதுபவர் மழை மலை, மலை மழை, மழை மலை என்று முதல் இணையை முன்னும் பின்னும் முன்னுமாகப் பின்னிவிட்டு, அடுத்து மலை மேல், மேல் மலை, மலை மேல் என்று நகர வேண்டும். தலைமுடியைச் சடையாகப் பின்னுவது போன்றது என்பதாலேயே அப்பெயர். ஒவ்வொரு திருப்பத்திலும் சொற்கள் புணரும் முறையும் குரலின் ஏற்ற இறக்கமும் மாறும். அந்த மாற்றத்தில் ஒரு மாத்திரை தவறினாலும் பிழை பிழையே. ரதம் இதைவிடச் சிக்கலான பின்னல்.

போட்டியாளரின் தகுதி மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. முன்பிலிருக்கல், கடந்நிருக்கல், வலிய கடந்நிருக்கல் என்ற மலையாளப் பெயர்கள் தமிழருக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கும்: முன்னே இருத்தல், கடந்து இருத்தல், பெரிதாகக் கடந்து இருத்தல். ஒரு படியில் தேறியவரே அடுத்த படிக்குப் போகலாம். உச்சிப் படியை எட்டியவர் வாழ்நாள் முழுதும் அந்தப் பெருமையோடு மதிக்கப்பட்டார். இன்றைய மாவட்டச் சுற்று, மண்டலச் சுற்று, மாநிலச் சுற்று என்ற ஏணியின் தர்க்கம் இதுவே. ஆனால் ஏணியின் முதற் படியே நம்பூதிரி இல்லத்து ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் போடப்பட்டிருந்தது. அவ்வில்லங்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளை நாடத் தொடங்கியபோது, வாயிலைத் திறந்து வைத்தும் நுழைவதற்கு ஆள் குறைந்தது; 1947உடன் நின்றுபோன அன்யோன்யம் 1989இல்தான் மீண்டும் தொடங்கப்பட்டது.

வாயிலை அகலப்படுத்தும் முயற்சி இதே வட்டாரத்தில் வேறொரு பக்கமிருந்து வந்தது. பாலக்காடு மாவட்டத்துப் பட்டாம்பியில் புன்னசேரி நீலகண்ட சர்மா 1880களின் இறுதியில் தொடங்கிய சமஸ்கிருதப் பாடசாலை, சாதி பாராமல் மாணவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தளி மண்டபத்தில் பேசப்பட்ட அதே தர்க்கமும் வியாகரணமும் இங்கு எவரும் பயிலத்தக்க பாடங்களாயின. 1924இல் ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் ஸ்ரீநாராயண குரு கூட்டிய சர்வமத மாநாட்டுக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை தாங்கினார். வாதாடி வெல்வதற்காக அல்ல, அறியவும் அறிவிக்கவுமே இக்கூட்டம் என்ற பொருளில் அங்கு அறிவிப்பு வைக்கப்பட்டது. நியாய நூலின் சொல்லில் கூறினால், ஜல்பத்தை விலக்கி வாதத்தை மட்டும் அனுமதித்த நடத்தை விதி அது. தகுதி விதி என்று எதுவும் இல்லை என்பதே அதன் புதுமை.

கல்லூரி மாணவர்கள் சங்கம் அமைத்து, தலைவரைத் தேர்ந்து, தீர்மானத்தை முன்மொழிந்தும் எதிர்த்தும் பேசும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815இலும் ஆக்ஸ்போர்டு யூனியன் 1823இலும் தோன்றின. அவற்றின் வாயிலும் அகலமானதாக இருக்கவில்லை. ஆக்ஸ்போர்டு யூனியன் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1963இல்தான். குண்டலகேசியின் நாவல் கிளை அங்கு நடப்பட்டிருந்தால் நெடுங்காலம் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தமிழகத்தில் இம்முறை வேரூன்றியதன் புகழ்பெற்ற சான்று 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணம் குறித்து அண்ணாதுரையும் ரா. பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிரே நின்று நிகழ்த்திய சொற்போர். நாட்டையே இரண்டாக்கிய ஒரு கேள்வி, தலைவர், நேர ஒழுங்கு, முறை வைத்துப் பேசுதல் என்ற கல்லூரிச் சட்டகத்துக்குள் அடங்கியது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம் பட்டிமண்டபம் என்ற மணிமேகலைச் சொல்லை மீட்டுக் கொணர்ந்து அதற்கு ஒரு நடுவரையும் அமர்த்தியது. பின்னாளில் அது பட்டிமன்றமாகிக் கோயில் திருவிழாவிலும் பண்டிகை நாள் தொலைக்காட்சியிலும் இடம்பிடித்தது. அங்கே தோல்வித்தானத்தைவிடக் கைதட்டலுக்கே மதிப்பு என்பது வேறு செய்தி.

உலகப் பல்கலைக்கழக வாதப் போட்டி 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கி, 2014ஆம் ஆண்டுப் போட்டிக்காகச் சென்னைக்கு வந்து, ராஜலட்சுமி பொறியியல் கல்லூரியில் நடைபெற்றது. ஒவ்வொரு வாதத்திலும் இருவர் கொண்ட நான்கு அணிகள். தலைப்பு அறிவிக்கப்பட்ட பதினைந்து நிமிடத்தில் பேச்சு தொடங்கும். ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். எதிரணியினர் எழுந்து இடைக் கேள்வி கேட்கலாம், ஆனால் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கேட்கக் கூடாது. தன் நிலையைப் பாதியில் மாற்றினாலோ, தன் கூட்டாளி அணியின் கோளுக்கு முரணாகப் பேசினாலோ நடுவர் அதைக் குறையாகக் குறித்துக்கொள்வார். கௌதமர் அந்த அரங்கில் அமர்ந்திருந்தால் ஆங்கிலம் புரியாவிட்டாலும் மதிப்பெண் தாளின் ஒழுங்கு புரிந்திருக்கும். தகுதிப் பக்கத்தில்தான் அவர் வியந்திருப்பார். பிறப்பு, சமயம், பால் ஆகியவை அங்கு இல்லை. அவற்றின் இடத்தில் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் என்ற சான்றும், ஒருவர் எத்தனை முறை பங்கேற்கலாம் என்ற வரம்பும், மொழியும் வந்து அமர்ந்திருக்கின்றன. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் தமக்குள் போட்டியிடத் தனிப் பிரிவு உண்டு. ஒருவர் அப்பிரிவுக்கு உரியவர்தாமா என்பதை, வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி என்று கேட்டறிந்து முடிவு செய்யத் தனிக் குழுவும் உண்டு.

இந்திய அளவில் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழாவின் விதிகளும் இதே போக்கில் அமைந்தவை. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் இருபத்தைந்து வயதைக் கடந்திருக்கக் கூடாது. வாதப் போட்டியில் ஒரு நிறுவனத்துக்கு இருவர், ஒருவர் தீர்மானத்தை ஆதரித்தும் மற்றவர் எதிர்த்தும் பேச வேண்டும். தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. மொழி இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருக்க வேண்டும்.

இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் ஊராட்சியில், கொழுக்குமலைக்குக் கீழே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சூரியநெல்லியில் இந்த மொழி விதியின் பொருள் தனியாகத் தெரியும். தோட்டங்களில் வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழர் குடும்பங்களில் வீட்டு மொழி தமிழ். கடைத்தெருவிலும் அரசு அலுவலகத்திலும் மலையாளம். 1957 முதல் நடந்துவரும் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் தமிழில் பேசவும் செய்யுள் ஒப்புவிக்கவும் தனிப் போட்டிகள் உண்டு என்பதால், மலையிலிருந்து இறங்கும் பள்ளி மாணவி தன் மொழியிலேயே முழுப் போட்டியாளராக மேடை ஏறலாம். அவளே கல்லூரியில் சேர்ந்து, மண்டலச் சுற்றையும் கடந்து, அகில இந்திய வாத மேடையின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறும் நாளில், படிவத்தில் மொழி என்ற கட்டத்துக்கு எதிரே இரண்டே விடைகள் இருக்கும். புனம் நம்பூதிரியை அரையாக எண்ணிய அவையாவது அவரைத் தம் மொழியில் பாட விட்டது.